நண்டு வண்டிக்கு டர்போ

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எங்கள் நைனா ஏரித் தொழிலை விட்டுவிட்டுக் காட்டூர் ரைஸ் மில்லில் வேலைக்குப் போனவர். எழுபதுகள் முழுக்க மில் பெல்ட் ஓடுகிற சத்தத்தில் வளர்ந்ததாலோ என்னவோ, எதுவும் ஓடாத இடத்தில் எனக்கு மூச்சு முட்டும். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்த் தோணிரேவில் கட்டிக்கொடுத்தார்கள். வாசலைத் தாண்டினால் மணல்மேடு, மேட்டைத் தாண்டினால் பழவேற்காடு ஏரி. அத்தனை தண்ணீரும் நாள் முழுக்க அசையாமல் கிடக்கும். வெளியூர்க்காரர்கள் வந்து நின்று பார்த்து அழகு என்பார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

வீட்டில் வேலை என்ன பெரிய வேலை? சமைத்து முடித்தால் பாத்திரங்களை இடம் மாற்றி அடுக்குவேன். பரண் சாமான்களை இறக்கித் துடைத்து மறுபடி ஏற்றுவேன். கூட்டிய வாசலையே திரும்பக் கூட்டுவேன். என் நாத்தனார் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டாள்.

"கால்ல சக்கரம் கட்டிக்கினு வந்தியா நீ? பாக்கிற எனக்கே தல சுத்துது. ஒரு பக்கமா குந்து மே" என்பாள்.

குந்துவேன். குந்திய இடத்தில் அழுகை வரும். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

என் வீட்டுக்காரர் நேர் எதிர். படகுக்காரக் குடும்பத்தில் பிறந்து, விவரம் தெரிந்த நாளிலிருந்து ஏரியில் பாய் விரித்துப் பழகி, பிறகு கார் ஓட்டப் போனவர். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசுவார். அந்த ஒன்றும் பாதி நேரம் "ம்" தான். அவரிடம் ஒரு பழைய அம்பாசடர் இருந்தது. பழவேற்காடு பஜாரில் பரம்பரையாக வியாபாரம் செய்த ஒரு குடும்பத்தில் கழித்துக் கட்டிய வண்டி. யாரோ அதில் ஏற்கெனவே பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் இன்ஜினை உட்காரவைத்திருந்தார்கள். விடிந்ததும் பொன்னேரி ஸ்டேஷனுக்கு ஆள் ஏற்றிப்போய்விட்டுத் திரும்புவார். அது ஒன்றுதான் பிழைப்பு.

எண்பதுகளின் நடுவில் சிங்கப்பூர்க்காரர்களுக்கு எங்கள் சேற்று நண்டின்மேல் ஆசை வந்தது. அதுவும் உயிரோடு வேண்டும் என்றார்கள். செத்ததைத் தொட மாட்டார்கள். மெட்ராசில் ஒரு கொட்டகையில் நண்டை வாங்கி, தரம் பிரித்து, பெட்டியில் அடுக்கி விமானத்தில் ஏற்றினார்கள். எங்கள் கரையில் தண்ணீருக்குள் நின்று சேற்றைத் தடவிக் கையாலேயே நண்டும் இறாலும் பிடிக்கிற பெண்கள் நிறைய. அவர்கள் பிடித்த நண்டை வாங்கிக் கொடுக்கைக் கட்டி, ஈரச் சாக்கு போட்ட கூடைகளில் அடுக்கி, காரின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போக ஆரம்பித்தார் இவர்.

முதல் வாரம் கொட்டகையில் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு வந்தார். இரண்டாவது வாரமும் அப்படியே. விலை பேசுகிற இடத்தில் இவருக்கு வாய் திறக்காது. பெண்கள் வந்து என் வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நாளைக்கி நானும் வரேன்" என்றேன். "ம்" என்றார்.

அப்படித்தான் எனக்கு அந்த முன்சீட்டு கிடைத்தது. எனக்கு வாய் இருந்தது, அவருக்கு இல்லை, அதனால் நான் போக வேண்டியிருந்தது. ஊரில் யாரும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. பொன்னேரி கடைத்தெரு, அனுப்பம்பட்டு ஸ்டேஷன், மீஞ்சூர், திருவொற்றியூர் லாரிகள் என்று தினமும் பார்த்த இடங்கள்தான், தினமும் வேறாக இருந்தன. நேற்று மூடியிருந்த கடை இன்று திறந்திருக்கும். யாரோ வீட்டுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். அந்தச் சீட்டில் இருக்கும்போது மட்டும் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பதிலாகக் கார் ஓடிக்கொண்டிருந்தது. வேறு எதையும் நான் அந்த அளவுக்கு விரும்பியதில்லை. கல்யாணத்தைக்கூட.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. பொன்னேரிப் பக்கத்து ஆள் ஒருவன் புது வேன் வாங்கி, நாலு கரையில் நண்டு எடுக்க ஆரம்பித்தான். எங்களுக்குப் பின்னால் கிளம்பி எங்களுக்கு முன்னால் கொட்டகையில் நிற்பான். எங்கள் காரோ பாரம் ஏற்றினால் நகரவே யோசிக்கும். வழியில் இருக்கிற மேம்பாலத்தில் ஏறும்போது பக்கத்தில் சைக்கிள்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தாண்டிப் போவார்கள். வெயில் ஏற ஏறப் பின்னால் நண்டுகள் சாகும். ஒருநாள் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெட்டிகளை ஆணியடித்துக்கொண்டிருந்தார்கள்.

கொட்டகை மேஸ்திரி என்னைத்தான் பார்த்துச் சொன்னான். "ஏரோப்ளேன் உனக்காக நிக்காதும்மா. இப்டியே லேட்டா வந்தேன்னா, உங்க கரையயும் வேன்காரனையே எடுத்துக்கச் சொல்லிடுவேன்."

வேன்காரன் எடுத்தால் அவனுக்கு டிரைவர் இருக்கிறான், விலை பேச ஆள் இருக்கிறான். எனக்கு மறுபடி பரண், பாத்திரம், வாசல். 

சீக்கிரம் கிளம்பவும் வழியில்லை. வெயில் கொஞ்சம் ஏறிய பிறகுதான் பெண்கள் ஒவ்வொருவராகத் தண்ணீரைவிட்டு மேலே வருவார்கள். கடைசி ஆள் கரையேறும்வரை காரை ஸ்டார்ட் செய்யக் கூடாது. அது எங்கள் ஊர்க்கட்டு. ஆட்கள் தண்ணீருக்குள் இருக்கிற நேரத்தில் கரையோரம் எந்த இன்ஜினும் ஓடக் கூடாது. மண் அதிர்ந்தால் நண்டு வளைக்குள் ஆழமாகப் போய்விடும், அப்புறம் கைக்கு வராது. படகில் மோட்டார் வைக்க ஆசைப்பட்டவர்களைக்கூட அதைச் சொல்லித்தான் தடுத்து வைத்திருந்தார்கள். அதனால் எந்த வண்டியானாலும் மணல்மேட்டில் உறுமி ஏறி, உச்சியில் இன்ஜினை அணைத்துவிட்டு, ஏரிப்பக்கச் சரிவில் சத்தமில்லாமல் உருண்டு இறங்கி நிற்கும். இவரும் பொன்னேரி சவாரி முடித்து வந்து அப்படித்தான் இறங்குவார். மேலே ஏறியதும் அவர் கை தானாகப் போய் நிறுத்துகிற குமிழை இழுக்கும். துறையை நெருங்கும்போது படகின் பாயை இறக்குகிற கை அது.

ஆக இந்தப் பக்கம் ஏரி நேரம், அந்தப் பக்கம் விமான நேரம். நடுவில் இருக்கிற ரோட்டில்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

பழவேற்காட்டில் கார், லாரி, தண்ணீர் பம்பு எல்லாம் பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் பாய். துறைமுகத்தில் பெரிய மெஷின்கள் பார்த்தவர். அதை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நான் போய், வேற இன்ஜின் மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

"இன்ஜின் இன்னாத்துக்கு? இதுக்குத் தீனி இல்லாம இல்ல தங்கச்சி, மூச்சு பத்தல" என்றார். "வண்டி விடுற புகை சும்மாதானே போவுது? அத்த ஒரு சக்கரத்துல விட்டா அது சுத்தும். அதே கம்பில மறுபக்கம் இன்னொரு சக்கரம். அது காத்த இழுத்து இன்ஜின் உள்ள அமுக்கும். இப்ப உன் வண்டி தானா மூச்சு இழுக்குது. டர்போ வெச்சா நாம அது வாயில ஊதுவோம்."

"வெடிச்சிடாதா?" என்றார் என் வீட்டுக்காரர். அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு.

"கம்மியா ஊதினா வெடிக்காது. ஆசப்பட்டாதான் வெடிக்கும்."

புதிதாக வாங்க எங்களுக்கு வக்கு இல்லை. புதிதாக எங்கே கிடைக்கும் என்றும் தெரியாது. பாயும் இவரும் புதுப்பேட்டையில் பழைய இரும்புக் கடை கடையாக அலைந்து, எங்கோ வெளிநாட்டிலிருந்து வந்து கழித்துப்போட்ட ஜெனரேட்டரிலிருந்து கழற்றிய ஒரு சின்ன டர்போவைக் கண்டுபிடித்தார்கள். நத்தை ஓடு மாதிரி இரண்டு பக்கமும் சுருண்டு, துருவேறிக் கிடந்தது. கடைக்காரர் கேட்டதில் பாதியைப் பணமாகவும் மீதியை இரண்டு கூடை நண்டாகவும் கொடுத்தோம். அவர் மாமியார் வீட்டு விருந்துக்கு நண்டு தேடிக்கொண்டிருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

நண்டு குறைவாக வரும் மாதமாகப் பார்த்து வேலையை ஆரம்பித்தார் பாய். புகை வெளியே போகிற குழாயை வெட்டி, அங்கே டர்போவை மாட்ட ஓர் இரும்புத் தகடு வேண்டும். பொன்னேரியில் ஜன்னல் கம்பி வெல்டிங் செய்கிறவரிடம் தகட்டை அறுத்து ஒட்டிவந்தார்கள். இடையில் சூடு தாங்க செம்பு வாஷர் வேண்டும் என்றார் பாய். என் கல்யாணச் சீரில் வந்த செம்பு அண்டா ஓட்டையாகிப் பரணில் கிடந்தது. எத்தனையோ முறை இறக்கித் துடைத்த அண்டா. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெட்டி, அடுப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மிருதுவாக்கி வாஷர் செய்தார். காற்று போகிற குழாய் ஒரு லாரியின் பழைய ரேடியேட்டர் ஹோஸ். ஆயில் மீட்டர் குழாயிலிருந்து கிளை பிரித்து டர்போவுக்கு ஆயில் விட்டார்கள். அந்த ஆயில் திரும்பி இன்ஜினுக்குள் இறங்க அடிப்பாத்திரத்தில் ஓட்டை போட்டுப் பித்தளைக் குழாய் பற்றவைத்தார்கள். எங்கள் காசில் புதிதாக வாங்கியது ஹோஸ் கிளிப்புகள் மட்டும்தான்.

அந்த நாட்களில் நான் பாய்க்குப் பெரிய தொல்லையாக இருந்தேன். ஸ்பானர் கேட்கும் முன்னால் நீட்டுவேன், பெரும்பாலும் தப்பான ஸ்பானரை. எப்போது முடியும் என்று கேட்பேன். முடித்த போல்ட்டைத் தொட்டுப் பார்ப்பேன்.

"தங்கச்சி, உன்ன வெச்சிக்கினு வேல செய்யறது பேஜாரா கீது. வூட்டுக்குப் போய் எதுனா துணி தோயி" என்றார் ஒருநாள். வீட்டில் அழுக்குத் துணியே இல்லை. எல்லாவற்றையும் துவைத்து முடித்திருந்தேன்.

வண்டி தயாரான அன்று மூவரும் ஏறிக்கொண்டோம். பாய் பின்னால் வெறும் தரையில் குந்தியிருந்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. ரோட்டுக்கு வந்து, இரண்டாவது கியரில் கொஞ்சம் மிதித்ததும் முன்னால் எங்கிருந்தோ மெல்லிய விசில் சத்தம் கிளம்பியது. விசில் ஏற ஏற யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல வண்டி போனது. என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். நான் சத்தமாகச் சிரித்தேன், வாயை மூட முடியவில்லை. மேம்பாலத்தில் கியர் மாற்றாமல் ஏறியபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படி ஒரு சந்தோஷம்.

இறங்கும்போது பாய் ஒரே ஒரு விஷயம் சொன்னார். "இழுத்துக்கினு ஓடி வந்தவுடனே பட்டுனு நிறுத்திடாத. இன்ஜின் நின்னாலும் டர்போ உள்ள சுத்திக்கினே இருக்கும். ஆயில் வராது. கொதிக்கிற சூட்டுல மிச்ச ஆயில் கரியாயிடும். ஒரு வெத்தல போடற நேரம் சும்மா ஓடட்டும், அப்புறம் நிறுத்து. உஷாரு."

"சரி பாய்" என்றோம் இருவரும்.

சொன்னபடி செய்தோம் என்றே நம்பினோம். கொட்டகை வாசலில் வண்டி வெகுநேரம் ஓடிக்கொண்டே நிற்கும். காவல்காரர் டீசல் உங்களுக்கு இலவசமா என்று கேட்பார். பொன்னேரி ஸ்டேஷனில் சவாரி இறங்கிக் காசு கொடுத்துப் போன பிறகும் ஓடும். ராத்திரி வீட்டு வாசலிலும் ஓடும், நாத்தனார் புகை என்று திட்டுவாள். முதல் ஒரு மாதமும் நாங்கள் வேனுக்கு முன்னால் போனோம். மேஸ்திரிக்குச் சந்தேகம், நாங்கள் நேற்றுப் பிடித்த நண்டைக் கொண்டுவருகிறோமோ என்று. கூடை கூடையாகக் கிளறிப் பார்த்தான். எல்லாம் அவன் விரலைத் தேடிக்கொண்டு வந்தன.

பிறகு ஒருநாள் காலை, பாரத்தோடு அனுப்பம்பட்டு கிட்டே போகும்போது விசில் மாறியது. இரும்பில் இரும்பு உரசுகிற சத்தம். பின்னால் பார்த்தால் நீலப் புகை, ரோடே தெரியவில்லை. இவர் காலை எடுத்துவிட்டார். ஆனால் வண்டி வேகம் குறையவில்லை. தானாக உறுமிக்கொண்டு ஏறியது. இவர் நிறுத்துகிற குமிழை இழுத்தார். நிற்கவில்லை. திரும்பத் திரும்ப இழுத்தார். டர்போ உடைந்து ஆயிலை இன்ஜினுக்குள் ஊதுகிறது, இன்ஜின் அந்த ஆயிலையே குடித்து ஓடுகிறது என்பதெல்லாம் பாய் பிற்பாடு சொல்லித்தான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், எந்த வண்டியையும் சத்தமில்லாமல் நிறுத்தத் தெரிந்த மனிதர் கையில் குமிழோடு வெளிறிப்போய் உட்கார்ந்திருந்ததுதான். கடைசியில் பெரிய கியரில் போட்டு, இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்து அடக்கினார். கார் குலுங்கி நின்றது. கூடைகளில் நண்டுகள் கரகரவென்று ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

இவர் கதவைத் திறந்து இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். எனக்கு உட்காரத் தோன்றவில்லை. நேரம் போகிறதே என்கிற தவிப்புதான் இருந்தது. ஸ்டேஷன் பக்கத்தில்தான்.

"தூக்குங்க" என்றேன்.

"எங்க?"

"ரயில்ல போறேன். தூக்க முடிஞ்சத தூக்குங்க."

காய்கறிக்காரிகள் ஏறுகிற பெட்டியில் கூடைகளைத் தள்ளி ஏற்றிவிட்டு அவர் காரிடம் திரும்பிப் போனார். பாதிக் கூடைகள் காரிலேயே தங்கிவிட்டன. ரயிலில் ஒரு நண்டு கட்டை அறுத்துக்கொண்டு இறங்கி நடந்தது. பெட்டியில் இருந்த பெண்கள் எல்லோரும் காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டார்கள். ஒரு கீரைக்காரம்மா என்னை மெட்ராஸ் வரை விடாமல் திட்டிக்கொண்டே வந்தாள், ஆனால் இறங்கும்போது அவள்தான் கூடை இறக்க உதவினாள். கொட்டகைக் கதவைச் சாத்துகிற நேரத்தில் ஆட்டோவில் போய் இறங்கினேன்.

"வண்டி எங்க?" என்றான் மேஸ்திரி.

"வெளிய நிக்குது" என்றேன். அனுப்பம்பட்டில் வெளியேதான் நின்றது.

நண்டை எடுத்துக்கொண்டான். "இன்னொரு தபா இப்டி அரகொறையா வந்தீன்னா வேன்காரன்தான். அப்புறம் என்னக் கேக்காத" என்றான்.

பாய் டர்போவைப் பிரித்தார். உள்ளே கம்பி முழுக்க அடுப்புக்கரி மாதிரி அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டிக் காட்டினார். "பட்டுனு நிறுத்தினியா?" என்றார்.

"இல்ல பாய்" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில். பொய் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னோம்.

பாய் நம்பவில்லை. பொன்னேரி லேத் பட்டறையில் கம்பியைத் தாங்க வெண்கல புஷ் கடைந்துவந்து, கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து மறுபடி பூட்டினார். வண்டி ஓடத் தொடங்கிய முதல் நாள் விடியற்காலையிலேயே, கூட வருகிறேன் என்று வந்து ஏறிக்கொண்டார். நானும் ஏறினேன். பொன்னேரியில் சவாரியை இறக்கிவிட்டு இவர் வண்டியை ஓடவிட்டபடியே டீ குடித்தார். பாய் தலையாட்டினார். திரும்பி வேகமாக வந்தோம். மணல்மேட்டில் சக்கரம் புதையப் புதைய, விசில் உச்சத்தில் கத்த, முழுசாக மிதித்து ஏறினார். மேலே வந்தோம். அவர் கை போய்க் குமிழை இழுத்தது. சத்தம் நின்றது, கார் உருள ஆரம்பித்தது.

"இப்ப இன்னா பண்ணே நீ?" என்றார் பாய்.

"இன்னா பண்ணேன்?" என்றார் இவர். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். எனக்கும் புரியவில்லை.

"நிறுத்தினியே. இப்ப. இங்க."

இவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "இங்க எல்லாரும் நிறுத்துவாங்க பாய்" என்றேன். சொல்லும்போதே எனக்கு உறைத்துவிட்டது. தினமும் அதே இடத்தில், டர்போ கொதிக்கிற நேரமாகப் பார்த்து, ஒரு நாள் விடாமல் அதன் கழுத்தை நெரித்திருக்கிறோம். கரையில் நின்று நானும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வண்டியை எங்கெங்கே நிறுத்துகிறோம் என்று யோசித்தபோதெல்லாம் அந்த மேடு ஞாபகத்துக்கே வரவில்லை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதை யாராவது ஒரு வேலையாகச் சொல்வார்களா?

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். மேடுதான் எமன் என்றார். ஏறினால் கொதிக்கும், கொதித்தால் உடனே நிறுத்தக் கூடாது, இங்கேயோ நிறுத்தியாக வேண்டும். "டர்போவ கழட்டு. இல்லாட்டி மேட்டுக்கு அந்தாண்டயே வண்டிய வெச்சிக்க" என்று சொல்லிவிட்டு, நடந்தே பழவேற்காடு போய்விட்டார்.

கழற்றினால் வேன்காரன். அது எனக்குத் தெரியும். அன்றைக்கே நான் கரையில் நின்று பெண்களைக் கேட்டேன். ஒன்று, வண்டி இறங்கிய பிறகு கொஞ்ச நேரம் ஓடட்டும். இல்லையென்றால் கூடைகளை மேட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுவந்து கொடுங்கள்.

அவர்களில் ஒருத்தி, கரையிலேயே அதிகம் நண்டு பிடிப்பவள், அப்போதுதான் தண்ணீரிலிருந்து ஏறி வந்திருந்தாள். விரலெல்லாம் ஊறி வெளுத்திருந்தது. "உன் வண்டிக்கு மேல்மூச்சு வாங்குதுன்னு நாங்க மேடு ஏறணுமா? இருட்டுலேருந்து தண்ணில நின்ன காலு மே இது" என்றாள். "வண்டிய இங்க ஓட வுடு, வேணாங்கல. நண்டு உள்ள பூந்துக்கும். அப்புறம் எத்த ஏத்திக்கினு மெட்ராசு போவ? என் தலயவா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை, அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. அவளுக்கு அவள் விரல் முக்கியம். எனக்கு என் சீட்டு முக்கியம்.

"நானே தூக்குறேன்" என்றேன்.

மறுநாள் இவர் பொன்னேரி போன நேரத்திலேயே நான் கரைக்குப் போய்விட்டேன். ஒவ்வொருத்தியாக மேலே வர வர நண்டை வாங்கிக் கொடுக்கைக் கட்டி, கூடை நிறைந்ததும் தலையில் ஏற்றிக்கொண்டு மேடு ஏறினேன். தூக்கிவிடுவார்கள், அதோடு சரி. ஈரச் சாக்கிலிருந்து சேற்றுத் தண்ணீர் கழுத்து வழியாக முதுகுக்குள் இறங்கும். மணலில் ஓரடி வைத்தால் அரையடி பின்னால் சரியும். செருப்பை முதல் நடையிலேயே எறிந்துவிட்டேன். அந்தப் பக்கம் போய் வேலிக்காத்தான் நிழலில் கூடையை இறக்கிவிட்டு மறுபடி ஓடினேன். ஆமாம், ஓடினேன், நடந்தால் நேரமாகும். இவர் வந்து மேட்டடியில் வண்டியை நிறுத்தி, ஓடவிட்டு, ஆறவிட்டு அணைப்பதற்குள் முக்கால்வாசிக் கூடைகள் அங்கே இருந்தன. மிச்சத்தை அவரும் சேர்ந்து சுமந்தார். கழுத்து கல்லாகிவிட்டது. தொடை நடுங்கியது. ஆனால் வண்டி மேடு ஏறாமல், குளிர்ந்த டர்போவோடு, நேரத்துக்குக் கிளம்பியது. முன்சீட்டில் நான் இருந்தேன்.

பொன்னேரி கடைத்தெரு வந்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் ஞாபகம் இல்லை.

கண் விழித்தபோது கார் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தது. பின்னால் திரும்பினேன். கூடைகள் காலி. எனக்குப் பகீரென்றது. கதவைத் திறந்து ஓடப் பார்த்தேன், மரத்துப்போன கால் மடங்கிவிட்டது. இவர் எதிரே நின்றிருந்தார்.

"வெல பேசல?" என்றேன்.

"பேசியாச்சி."

"யாரு?"

"நான்தான்."

நம்பாமல் கேட்டேன். விலையைச் சொன்னார். நான் பேசியிருந்தாலும் அதைத்தான் வாங்கியிருப்பேன். மேஸ்திரி முதலில் குறைத்துக் கேட்டானாம். இவர் பதிலே சொல்லாமல் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாராம், அவனே ஏற்றிக்கொண்டு போனானாம். வேன் இன்னும் வரவில்லையாம். இவ்வளவையும் அவர் ஒரே மூச்சில் சொன்னது அதுதான் முதல் தடவை.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பயம்தான் வந்தது. இவருக்கு வாய் இல்லை என்றுதானே என்னை இத்தனை நாள் போகவிட்டார்கள்? கரையில் சுமந்து முடித்தால் என் வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. இனிமேல் மெட்ராசுக்கு நான் எதற்கு? நாத்தனார் கேட்பாள். ஊர் கேட்கும்.  கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணை மறைக்க முந்தானையை எடுத்தால் அதில் சேற்று நாற்றம்.

இவர் காரைச் சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவை விரியத் திறந்து பிடித்தார்.

"நாளைக்கும் தூங்கிக்கினே வா" என்றார். "நான் பேசிக்கிறேன்."

வீட்டில் தூங்கு என்று அவர் சொல்லவில்லை. நான் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, கொட்டகையிலிருந்து வீட்டு வாசல் வரை ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன்.